எரர் என்று ஒரு மனிதர்

1997ஆம் ஆண்டு பெரிய விடுமுறையில், தக்கலையில் ஒரு கடையிலிருந்து நாள் வாடகை 10 ரூபாய்க்கு எடுத்து வந்த வீடியோ கேம் கேசட் ஒன்றை, பழுதாகிவிட்டது என்று சொல்லி அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்தேன். அதில் பழுது எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியவந்தது போன ஆடி மாதத்தில்தான். இடையில் கால் நூற்றாண்டுக்கும் மேல் ஓடிவிட்டது.

அன்றைக்கு நடந்தது இதுதான். பச்சை உடை அணிந்த வாள்வீரன் ஒருவனை நான் ஒரு ஊருக்குள் நடத்திச் சென்று, திறந்திருந்த ஒரு வீட்டு வாசலில் மேல் பட்டனை அழுத்தி உள்ளே நுழைத்தேன். அங்கே தாடி வைத்த பருத்த மனிதர் ஒருவர் நின்றார். பேச்சுக்கான பட்டனை அழுத்தியதும் திரையில் கட்டம் ஒன்று விரிந்து, ஒவ்வொரு எழுத்தாக ‘ஐ ஆம் எரர்’ என்று வந்து நின்றது. எட்டாம் வகுப்பில் தமிழ் வழியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு எரர் என்ற சொல்லுக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். கேசட்டைப் பிடுங்கி, அதன் வாயில் நான்கு முறை ஊதி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடியும் செருகி, அந்த ஊர் வரைக்கும் மறுபடியும் நடந்து போனேன். அதே வீடு, அதே மனிதர், அதே சொல். கடைக்காரர் கேசட்டைத் தன் பெட்டியில் போட்டுப் பார்க்கக்கூட இல்லை. “அதுவே தன் வாயால எரர்னு சொல்லுதுல்லா, பிறகு நம்ம என்னத்தப் பாக்க?” என்று சிரித்துவிட்டு காண்ட்ரா என்ற சுடும் ஆட்டத்தின் கேசட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார். நான் வருத்தப்படவும் இல்லை. சுட்டுக்கொண்டே போனால் முடிந்துவிடும் ஆட்டம்தான் அப்போது எங்களுக்கு ஆட்டமாகத் தெரிந்தது.

அந்தக் கேசட்டில் இருந்தது நிண்டெண்டோவின் ‘ஜெல்டா 2: தி அட்வெஞ்சர் ஆஃப் லிங்க்’. ஜப்பானில் 1987 ஜனவரியில், நிண்டெண்டோவின் வீட்டு விளையாட்டுக் கருவியான ஃபேமிகாம் பெட்டியோடு இணைக்கும் டிஸ்க் கருவிக்காக முதலில் வந்து, அமெரிக்காவுக்கு 1988 டிசம்பரில் தங்க நிறக் கேசட்டாகப் போய்ச் சேர்ந்த ஆட்டம். நம்மூரில் டிவி கேம் என்ற பெயரில் விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த ஃபேமிகாமைப் பார்த்துச் செய்தவை என்பதால், அதன் கேசட்டுகளின் நகல்களும் எப்படியோ இங்கே வந்து சேர்ந்தன. விளக்கப் புத்தகம் மட்டும் வரவில்லை. அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் அத்தான் சென்ற முறை லீவுக்கு வந்தபோது தன் மகனுக்காக ஒரு சிறிய கருவியை வாங்கி வந்தார். உள்ளங்கையில் அடங்கும் இந்த ‘கேம் அண்ட் வாட்ச்’ கருவியை ஜெல்டா வரிசையின் 35ஆம் ஆண்டையொட்டி 2021இல் நிண்டெண்டோ வெளியிட்டது. வரிசையின் முதல் இரண்டு ஆட்டங்களும், கேம் பாய் என்ற கைக்கருவிக்கு வந்த இன்னொன்றும் அதற்குள் இருக்கின்றன. பதினேழு வயது மருமகனுக்கு அதில் எந்த ஆர்வமும் வரவில்லை. இதெல்லாம் போனிலேயே கிடைக்கும் என்று ஒதுக்கிவிட்டான். எங்கள் வீட்டு மேசையில் இரண்டு வாரம் கடிகாரமாக மட்டும் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கருவியை, ஆடிச் சாரல் நிற்காமல் பெய்த ஓர் இரவில் சும்மா எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது ஆட்டத்தைத் திறந்து, ஒரு மணி நேரம் தட்டுத் தடுமாறி, ரூட்டோ என்ற ஊருக்குள் போய், ஒரு வீட்டு வாசலில் மேல் பட்டனை அழுத்தினேன். தாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஐ ஆம் எரர்.

கருவியைக் கீழே வைத்துவிட்டேன். புத்தம் புதிய பொருள் அது. ஊதுவதற்கு அதில் வாயே கிடையாது. அப்படியென்றால் அந்தச் சொல் ஆட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது.

அந்த இரவில்தான் இதை முழுவதுமாக ஆடி முடிப்பது என்று முடிவு செய்தேன். இணையத்தில் தேடினால் பத்து நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும் என்பது தெரிந்ததால், தேடுவதில்லை என்றும் ஒரு விதி வைத்துக்கொண்டேன். விதியை ஒரு முறை மீறினேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

இந்த ஆட்டத்தைக் கடினம் என்று சொல்பவர்கள் வழக்கமாக எதிரிகளைக் காட்டுவார்கள். என் அனுபவத்தில் இதன் கடினம் தூரத்தில் இருக்கிறது. உங்களுக்கு மூன்று உயிர்கள். மூன்றும் போனால், வாள்வீரனின் இரத்தத்தால் உயிர்பெறக் காத்திருக்கும் கேனன் என்ற அரக்கன் திரும்பி வந்துவிட்டதாக ஓர் அறிவிப்பு வருகிறது. அடுத்து, நீங்கள் எவ்வளவு தொலைவு போயிருந்தாலும், இளவரசி உறங்கும் வடக்கு அரண்மனையில், ஆட்டத்தின் முதல் அடியில் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறீர்கள். எடுத்த பொருள்களும் ஏறிய படிநிலைகளும் கையில் இருக்கும். அடுத்த படிக்காகச் சேர்த்து வைத்த புள்ளிகள் மட்டும் பூஜ்யமாகிவிடும். மார்த்தாண்டத்தில் ஒரு வேலை தவறினால் அங்கேயே இன்னொரு முறை முயலாமல், நாகர்கோவில் பேருந்து நிலையத்துக்கு வந்து மறுபடியும் பஸ் ஏற வேண்டும் என்று ஒருவர் சட்டம் போட்டால் எப்படியிருக்கும், அப்படி.

முதல் பத்து நாள்கள் எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்குப் பிறகு வழி மனப்பாடமாகத் தொடங்கியது. எந்தப் புல்வெளியைக் கடக்கும்போது எதிரிகளின் நிழலுருவங்கள் எத்தனை அடியில் கிளம்பும், பாதையின் மேல் நின்றபடி அவை வந்து மோதினால் எதிரியே இல்லாத வெறும் வழிதான் திறக்கும், ஆகவே அடர்ந்த காட்டை விட்டுச் சுற்றிப் போனாலும் பாதையிலேயே போவது லாபம் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. திரும்பத் திரும்ப நடந்ததில் கால்களே கற்றுக்கொண்டன. கட்டைவிரல் என்று சொல்ல வேண்டுமோ என்னவோ.

என் தொழில் பத்திரம் எழுதுவது. ஒரு மனையை எழுத வேண்டுமானால் புலப்படத்தைப் பார்த்து, நான்கு பக்கமும் யார் யார், எது எது என்று சக்குபந்தி சொல்ல வேண்டும். ஓடைக்குக் கிழக்கு, நடைபாதைக்கு வடக்கு என்று ஒரு சொல் இடம் மாறினாலும் பேரப்பிள்ளைகள் காலம் வரை வழக்கு நடக்கும். அந்தப் பழக்கத்தில், பழைய நாட்குறிப்பு ஒன்றின் பின்பக்கங்களில் இந்த ஆட்டத்தின் நிலத்தை எழுதத் தொடங்கினேன். படம் வரையவில்லை, சொல்லாகவே எழுதினேன். மெழுகுவர்த்தி கிடைத்த பரப்பா அரண்மனை, அந்த மெழுகுவர்த்தி இல்லாமல் நுழைந்தால் எதிரிகள் கண்ணுக்கே தெரியாத இருட்டுக் குகை, ரூட்டோவில் கற்கும் துள்ளல் மந்திரம் இருந்தால்தான் தாண்ட முடியும் தடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை எழுதியதில் பதினொரு பக்கங்கள் ஆயின. இடையில் ஒரு நாள் அதைப் புரட்டிப் பார்த்த அக்கா, “இது எந்தப் பார்ட்டி சொத்து?” என்று கேட்டாள்.

அரண்மனை என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்குள் வந்து நிற்பது பத்மநாபபுரம்தான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தக்கலையில் வளர்ந்தவனுக்கு வேறு எது நினைவுக்கு வரும்? தமிழ்நாட்டு மண்ணில் இருந்துகொண்டு கேரள அரசின் பொறுப்பில் நடக்கும் அந்த மரமாளிகைக்குள் சிறு வயதில் போனபோது, வெயிலிலிருந்து உள் வராந்தாவுக்குள் கால் வைத்ததும் சில நொடிகள் எதுவும் தெரியாமல் நிற்போமே, பரப்பா அரண்மனைக்குப் போகும் குகையில் எனக்கு அதுதான் நடந்தது. என்ன, பத்மநாபபுரத்தில் யாரும் என்னைக் குத்தவில்லை.

குத்துபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அயர்ன் நக்கிள் என்று ஒரு கவச வீரன் இந்த அரண்மனைகளில் வருகிறான். நம் வீரனின் வாள் ஒரு முழத்துக்கு மேல் நீளாது. அவனுடைய கேடயமோ நாம் வாளை உயர்த்தினால் மேலே ஏறுகிறது, குனிந்தால் கீழே இறங்குகிறது. பட்டனைப் படபடவென்று அழுத்தினால் இரும்பில் இரும்பு மோதும் ஒலி மட்டுமே மிஞ்சும். அவனை நோக்கித் துள்ளி, உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கும் அந்த நொடியில், கேடயம் மேலேறி வருவதற்குள் தலைக்கவசத்தில் ஒரு குத்து விழ வேண்டும். விழுந்த உடனே பின்வாங்கிவிட வேண்டும். நான்காவது நாள் இது கைவந்தது. ஐந்தாவது நாள் நீல நிறக் கவசக்காரன் வந்தான். அவன் தூரத்தில் நின்றபடியே வாள்களை எறிகிறான், ஒன்று தலை உயரத்தில், ஒன்று முழங்கால் உயரத்தில். கற்றது எல்லாம் அங்கே பாதி விலைக்குப் போனது. ஆனாலும் அடிபட்டுச் செத்தபோதெல்லாம் தவறு என்னுடையது என்று எனக்கு விளங்கியது. அதனால்தான் அடுத்த இரவும் உட்கார முடிந்தது. அந்த விளக்கம் கிடைக்காத சாவுகளும் உண்டு. வௌவால் போன்ற ஏதோ ஒன்று பக்கவாட்டில் இலேசாக இடித்ததில் பின்னால் தள்ளப்பட்டு நெருப்புக் குழம்பில் விழுந்தால், உயிர்க்கட்டம் நிறைய இருந்தாலும் ஓர் உயிர் போய்விடும். அவற்றை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

சாரியா என்ற ஊரில் ஒரு வாரம் நின்றுபோனேன். ஊருக்குக் குறுக்கே ஆறு. பாலம் போடக்கூடிய ஆற்றுக்காரர் யாருடைய சீட்டையோ கேட்கிறார். சீட்டு தருபவர் எங்கே என்று தெரியாமல் மூன்று இரவுகள் அலைந்துவிட்டு, கடைசியில் அளவுச் சங்கிலி பிடிப்பதைப் போல ஊருக்கு வெளியே இருந்த காட்டை ஒவ்வொரு கட்டமாக மிதித்துக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் திரை மாறி வீடு ஒன்று வந்தது. உள்ளே ரூட்டோவில் பார்த்த அதே தாடிக்காரரின் உருவம். தன் பெயர் பாகு என்றும், சீட்டை ஆற்றுக்காரரிடம் காட்டும்படியும் சொன்னது. ஜப்பானிய மொழியில் ‘பக்’ என்ற ஆங்கிலச் சொல்லை, அதாவது கணினி நிரலில் இருக்கும் பிழையை, பாகு என்ற ஒலியில்தான் எழுதுவார்கள். பிழைக்கு ஒருவர், எரருக்கு ஒருவர். நிரல் எழுதியவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்ட நகைச்சுவை அது. ஜப்பானியப் பதிப்பிலும் அந்த மனிதர் தன் பெயர் எரர் என்றுதான் சொல்கிறார். மொழிபெயர்ப்பிலும் தவறில்லை, கேசட்டிலும் தவறில்லை. ஒரு மனிதர் மரியாதையாகத் தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார். நான் அவரைக் கழற்றி ஊதினேன்.

கதை அதோடு முடியவில்லை. மரண மலையின் குகைகளில் கோடரிக்காரர்களிடம் நான் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். கேடயம் தடுக்காத ஆயுதம் அது, இப்போதைக்கு அவ்வளவு போதும். பாறைகளை உடைக்கும் சம்மட்டியை அங்கே எடுத்த பின் மிடோ என்ற துறைமுக ஊருக்குப் போனேன். மூன்றாவது அரண்மனை தீவில் இருக்கிறது, படகு எதுவும் இல்லை. ஊரில் ஒவ்வொருவரிடமும் பேசிக்கொண்டே போனதில் ஒருவர், அரண்மனையைப் பற்றி ரூட்டோவில் இருக்கும் எரரிடம் கேள் என்றார்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடுத்த அறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

மிடோவிலிருந்து ரூட்டோவுக்கு, வந்த வழியெல்லாம் திரும்பி நடக்க வேண்டும். குகை, பாலம், மறுபடியும் குகை, காடு. அன்று இரவு பதினொன்றரைக்கு அந்த வீட்டுக்குள் நுழைந்து பட்டனை அழுத்தினேன். இந்த முறை அவர் தன் பெயரைச் சொல்லவில்லை. மிடோவில் அரசனின் கல்லறைக்குத் தெற்கே ஒரு சுரங்கம் இருக்கிறது என்றார். பதினெட்டு ஆண்டுகளாக எல்லை எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதைவிடச் சுருக்கமான, இதைவிடத் தெளிவான எல்லை வாசகத்தை நான் பார்த்ததில்லை. அடுத்த நாள் கல்லறையிலிருந்து நேர்தெற்காக நடந்தபோது, தரையில் அடையாளம் எதுவும் இல்லாத ஓரிடத்தில் காலடி உள்வாங்கி, கடலுக்கு அடியில் போகும் வழியில் விழுந்தேன்.

1997இல் அந்தக் கேசட்டை நான் வைத்துக்கொண்டிருந்தால் இந்த இடம் வரை வந்திருப்பேனா என்று யோசித்தேன். வந்திருக்க மாட்டேன். இந்த ஆட்டத்தின் ஆங்கிலம் எனக்கு அப்போது எட்டாது. விளக்கப் புத்தகம் இல்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கொருவர் துப்புச் சொல்லிக்கொள்வதையும், பத்திரிகைகள் வரைபடம் அச்சிடுவதையும் நம்பித்தான் இதைச் செய்தவர்கள் இத்தனை இரகசியங்களைப் புதைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் டிவி கேம் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் காண்ட்ராவில் உயிர் கூட்டும் வழி மட்டும் தெரியும். இதற்கு மேல், நான் பாதி ஆட்டத்தில் இருக்கும்போது கரண்ட் போவது என்பது தக்கலையில் அப்போது மழையைப் போல இயல்பான காரியம். மூன்று உயிர்களும் போவதற்கு முன்பே ஆட்டத்தைச் சேமிக்க வேண்டுமானால், அதை நிறுத்தி வைத்துவிட்டு இரண்டாவது கன்ட்ரோலரில் மேல் பட்டனையும் ஏ பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்பதை இப்போதுதான் அறிந்தேன். புத்தகம் இல்லாமல் எந்தப் பிள்ளைக்கு அது தோன்றும்?

என் சிரிப்பைக் கேட்டு ஆர்வம் வந்த மருமகன், அதே ஆட்டத்தைத் தன் போனில் இறக்கிக்கொண்டு ஆறே நாளில் என்னைத் தாண்டிப் போய்விட்டான். ஒவ்வொரு எதிரிக்கு முன்னாலும் ஒரு சேவ் ஸ்டேட் போடுவான். அடிபட்டால் அந்த நொடிக்கே திரும்பிவிடுவான். “இப்படி இருக்கும்போது நீங்க எதுக்கு மாமா திரும்பத் திரும்ப நடக்கிறிய?” என்று கேட்டான். நிண்டெண்டோவே தன் ‘ஸ்விட்ச்’ விளையாட்டுக் கருவியில் இந்த ஆட்டத்துக்குப் பின்னோக்கி ஓட்டும் வசதியைக் கொடுத்திருப்பதால், அவன் செய்வதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஒரு நாள் சாப்பிடும்போது, பாகுவின் வீடு எந்த ஊருக்குப் பக்கத்தில் என்று கேட்டேன். அவனுக்கு ஊர்ப்பெயர் ஒன்றுகூட நினைவில் இல்லை. எல்லா எதிரிகளையும் நினைவிருந்தது. எனக்கு அதற்கு நேர்மாறு. அவன் ஆடியது சண்டைகளின் வரிசை, நான் ஆடியது ஒரு நிலம். ஆட்டத்தைச் செய்தவர்கள் எதை விரும்பியிருப்பார்கள் என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் விதியை மீறியது ஆறாவது அரண்மனையில். மூன்று பாறைகள் இருக்கும் இடத்தில் அரண்மனையைக் காணவில்லை. ஐந்தாவது அரண்மனையில் கிடைத்த புல்லாங்குழலை ஊதி, வழிமறித்துக் கிடந்த ஒரு பூச்சியை விரட்டிய பின், அந்தக் குழலின் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். ஒரு வாரம் அங்கேயே சுற்றிவிட்டு மருமகனிடம் கேட்டேன். பாறைகளுக்கு நடுவில் நின்று ஊத வேண்டுமாம். முடிந்த வேலைக்கு வாங்கிய கருவியை எறிந்துவிடக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பரணைப் பார்த்தாலே தெரியும். ஆட்டத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

கடைசி அரண்மனையில் மட்டும் ஆட்டம் சற்று இரக்கம் காட்டுகிறது. அங்கே மூன்று உயிரும் போனால் வடக்கு அரண்மனைக்குத் துரத்தாமல் அந்த வாசலிலேயே மறுபடியும் நிறுத்துகிறது. அந்த இரக்கத்தை ஈடுகட்டும் விதமாக, உள்ளே சுவர் போலத் தெரிவது வழியாகவும் தரை போலத் தெரிவது பள்ளமாகவும் இருக்கின்றன. பொல்லாத பறவை ஒன்றை வென்ற பின், கடைசி எதிரியாக நம் வீரனின் சொந்த நிழலே எழுந்து வருகிறது. நாம் கற்றதெல்லாம் அதற்கும் தெரியும். பதினாறு இரவுகளாக அதனிடம் தோற்றதைப் பார்த்த மருமகன், இடது மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு குத்திக்கொண்டே இருந்தால் அதுவாக வந்து விழும் என்றான். நான் கேட்கவில்லையே என்று அவனிடம் சண்டை பிடித்தேன். பதினேழாம் இரவு மூலையில் போய் உட்கார்ந்தேன். ஆகவே, விதியை மீறியது இரண்டு முறை.

இளவரசி விழித்தாள், திரை விழுந்தது. ஆட்டம் மறுபடியும் தொடங்கியபோது, சேர்த்த பொருள்கள் போய், கற்ற மந்திரங்களும் ஏறிய படிகளும் மட்டும் அப்படியே இருந்தன. பரப்பா அரண்மனைக்குப் போகவில்லை. பாதையை விட்டு இறங்காமல் ரூட்டோவுக்குப் போய், அந்த வீட்டுக்குள் நுழைந்து, பட்டனை அழுத்தினேன். எழுத்து எழுத்தாக அவர் தன் பெயரைச் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தேன்.